புத்தளம் கரையோரத்தில் தொழிலும் உளநலமும்

தொழிலிடமும் மனமும்

செய்யும் வேலை, அதன் நேரம், கூலி, வேலை வாங்குபவரின் நடத்தை, நாளைக்கும் இந்த வேலை இருக்குமா என்ற கேள்வி ஆகியவை ஒருவரின் மனத்தை ஒவ்வொரு நாளும் தொட்டுக்கொண்டேயிருக்கின்றன. ஒழுங்கான வேலை மனத்தைத் தாங்கிப் பிடிக்கும். அது வருமானத்தோடு மதிப்பையும் கூட்டாளிகளையும் நாளுக்கு ஓர் ஒழுங்கையும் தருகிறது. அந்த ஒழுங்கு குலையும்போது, அல்லது வேலையே அவமானமாகவும் அச்சமாகவும் மாறும்போது, மனம் நோய்ப்படுகிறது. மனம் நோயுற்றவரால் வேலையைச் சரிவரச் செய்ய முடிவதில்லை. இவ்வாறு ஒன்று மற்றொன்றைக் கீழே இழுக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் வேலைசெய்யும் வயதினரில் 15 சதவீதமானோருக்கு ஏதோவொரு உளநோய் இருந்தது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அனுசரிக்கப்பட்ட உலக உளநல நாளும் தொழிலிட உளநலத்தையே கருப்பொருளாகக் கொண்டது.

இப்பொருள் பற்றிய பிரசுரங்களில் பெரும்பாலும் குளிரூட்டிய அலுவலகமும் கணினியின் முன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஊழியருமே படமாக இருக்கும். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி வரை நீளும் கரையில் அப்படம் மிகச் சிலருக்கே பொருந்தும். இங்கே தொழிலிடம் என்பது வள்ளமும் வாடியும், இறால் பண்ணையின் வரம்பும், உப்புப் பாத்தியும், வெங்காயத் தோட்டமும், கருவாடு காயும் மணலுமாகும். பல குடும்பங்களுக்கு அது வளைகுடா நாடொன்றில் இன்னொருவர் வீட்டுச் சமையலறை. இவ்விடங்களில் உளநலப் பிரிவும் இல்லை, மனிதவள அதிகாரியும் இல்லை. அதனால் இங்கு வேலைசெய்பவருக்கு மனநெருக்கடி இல்லையென்று எண்ணிவிடக் கூடாது.

நிச்சயமில்லாத வருமானம்

இக்கரையின் தொழில்கள் வெவ்வேறானவை. ஆனால் எத்தனை உழைத்தாலும் வருமானம் கையில் சேருமா என்பது தெரியாத நிலை அவற்றுக்குப் பொதுவானது. உளநோய்க்கு வழிவகுக்கும் தொழிற்காரணிகளில் இந்த நிச்சயமின்மையே இங்கு முதலில் நிற்கிறது.

கடற்றொழிலை எடுத்துக்கொள்ளலாம். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுப்போருக்கும் சிறு படகுகளில் போவோருக்கும் அந்நாட்களில் தொழில் மந்தம். சிலர் வடக்கு, கிழக்குக் கரைகளுக்குப் போய் வாடியடித்துத் தங்குவார்கள். மற்றவர்கள் படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டியிடமோ மீன் முதலாளியிடமோ முற்பணம் வாங்கி நாளை ஓட்டுவார்கள். முற்பணம் வாங்கியவர் பிடிக்கும் மீனை அதே முதலாளியிடம் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். மீன்பாடு நன்றாக இருக்கும் பருவத்திலும் கடன் அடைந்து தீராது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, ஓகஸ்ட் மாதத்தில், ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவோருக்கு அன்று கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி என்றாயிற்று. அத்தகைய ஒரு கணக்கை இரவு முழுவதும் மனத்துக்குள் போட்டுப் பார்ப்பவருக்கு நித்திரை வராது.

இறால் வளர்ப்பு இதைவிடக் கடுமையான சூதாட்டம். 1980களில் சிலாபம், புத்தளம் பகுதிகளில் வேகமாகப் பரவிய இத்தொழிலை 1990களின் பிற்பகுதியில் வெண்புள்ளி நோய் அடித்து வீழ்த்தியது. கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் சிலாபம்–புத்தளம் வீதியின் ஓரங்களில் கிடக்கின்றன. நோய் பரவுவதைத் தடுக்க, எந்தப் பகுதியில் எப்போது குஞ்சு விடலாம் என்று பயிர் நாட்காட்டி வகுத்த பின்னரும் அச்சம் அகலவில்லை. நகையை அடகு வைத்துக் குஞ்சு விட்டவர், சில நாட்களுக்குள் முழுக் குளமும் செத்து மிதப்பதைப் பார்க்க நேரலாம். பண்ணையில் இரவுக் காவலிருக்கும் தொழிலாளியோ மாதக்கணக்கில் தனிமையிலும் அரைத் தூக்கத்திலும் கழிப்பவர். அவரைப் பற்றிப் பேசுவோர் அரிது.

உப்பளத்தில் அறுவடைக்கு நிற்கும் உப்பைக் காலந்தவறிய ஒரு மழை கரைத்துவிடும். 2024இன் இறுதியிலும் 2025இலும் மழையால் நாட்டின் உப்பு உற்பத்தி சரிந்து வெளிநாட்டிலிருந்து உப்பு தருவிக்கப்பட்டபோது, கடைகளில் ஏறிய விலை பற்றியே எல்லோரும் பேசினார்கள். வேலையில்லாமல் வீட்டிலிருந்த உப்பளத் தொழிலாளியின் கூலி பேச்சில் வரவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான தோட்டங்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மிளகாயும் நன்றாக விளையும். ஆனால் அறுவடை நேரத்தில் இறக்குமதிச் சரக்கு வந்திறங்கினால் விலை விழும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைப் போல மாதச் சம்பளம் தரும் இடங்களில் இந்த நிச்சயமின்மை குறைவு. அங்கே இரவு பகலாக மாறிவரும் வேலைமுறை நித்திரையைக் குலைக்கிறது. தொடர்ந்து நித்திரை குலைவதும் மனச்சோர்வை வளர்க்கும்.

வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பவரின் நிலை வேறு. அவருக்குத் தொழிலிடமும் உறங்குமிடமும் ஒன்றே. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பிள்ளையின் முகத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்பவர்கள் திரும்பி வந்ததும், கொண்டுவந்த பணத்தைப் பற்றி ஊர் கேட்கிறது. அங்கு என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

இடம்பெயர்ந்தோரிடம் நடந்த ஆய்வு

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் எனக் கணிக்கப்படும் அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சொந்தக் கடையும் வயலும் தையலகமும் வைத்திருந்தவர்கள் ஓலைக் கொட்டிலில் குடியமர்ந்து, தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிக்குப் போக நேர்ந்தது. கூலிவேலைக்கு வந்த புதியவர்கள் பெருகியதால், முன்பிருந்தே அங்கு வேலைசெய்த உள்ளூரவர்களுக்கும் நெருக்கடி ஏற்பட்டது.

இருபது ஆண்டுகள் கழிந்த பின், 2011இல், இடம்பெயர்ந்தவர்களில் 450 வயதுவந்தவர்களிடம் ஓர் உளநல ஆய்வு நடத்தப்பட்டது. செஸ்மால் சிறிவர்தன, அத்துல சுமதிபால ஆகியோரை உள்ளிட்ட இலங்கை, பிரித்தானிய ஆய்வாளர்கள் அதன் முடிவுகளை 2013இல் வெளியிட்டனர். 18.8 சதவீதமானோருக்குப் பொதுவான உளநோய்களில் ஏதேனும் ஒன்று இருந்தது. இத்தொகையைவிட அதன் பகுப்பே கூடுதல் கவனத்துக்குரியது. அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் 2.4 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. உடலில் வலியாகவும் களைப்பாகவும் வெளிப்படும் உளக்கோளாறு 14 சதவீதத்தினரிடமும், கடும் மனச்சோர்வு 5.1 சதவீதத்தினரிடமும் இருந்தது. வேலையில்லாதவர்களிடமும், துணையை இழந்தவர்கள் அல்லது பிரிந்தவர்களிடமும், உணவுக்கு உறுதியில்லாத வீட்டினரிடமும் இந்நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன.

ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட இத்தகைய ஆய்வு எது முதலில் வந்தது என்பதைக் காட்டாது. வேலையின்மையால் மனம் நொந்ததா, மனம் நொந்ததால் வேலை போனதா என்பதைத் தனித்தனியே பிரிக்க முடியாது. இருந்தாலும், விரட்டப்பட்ட மக்களின் மனத்தை இருபது ஆண்டுக்குப் பின் அளந்தபோது, பழைய பயங்கரத்தின் நினைவோடு இன்றைய அடுப்பும் கூலியும் அங்கே நிற்பது தெரிந்தது. இக்கரையில் உளநலத் திட்டம் வகுக்கும் எவரும் இதை விட்டுவிட்டு எதையும் தொடங்க முடியாது. தொழிலும் உணவும் உறுதிப்படாத இடத்தில் ஆலோசனை மட்டும் நெடுந்தூரம் போகாது.

நோய் எப்படித் தெரியும்

ஒரு நாள் சலிப்போ தொழிலில் நட்டம் வந்த வாரத்துக் கவலையோ நோயாகாது. பெரும்பாலான நேரமும் மனம் தாழ்ந்திருப்பது, முன்பு பிடித்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது, இவற்றில் ஒன்றேனும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, அதனோடு நித்திரை, பசி, கவனம், உடற்பலம் ஆகியவையும் குலைந்தால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணமும் சாவைப் பற்றிய நினைப்பும் அதன் கடுமையான அடையாளங்கள்.

ஆனால் எவரும் வைத்தியரிடம் போய் “எனக்கு மனச்சோர்வு” என்று தொடங்குவதில்லை. தலைப்பாரம், நெஞ்சு படபடப்பு, உடம்பு உளைவு, வயிற்றெரிவு, “சரியான யோசனை, கண்ணயர முடியவில்லை” என்றே சொல்வார்கள். இரத்தம் சோதித்து, இதயம் பார்த்து, எல்லாம் சரி என்று குளிசை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே வலியோடு இன்னொரு வைத்தியரிடம் போகிறார்கள். முன்சொன்ன 14 சதவீதம் இத்தகையோரே. அந்த வலி நடிப்பன்று, உண்மையாகவே உணரப்படும் வலி. சோதனைகளில் உடல்நோய் இல்லையென்று தெரிந்த பின், வீட்டையும் தொழிலையும் பற்றி வைத்தியர் இரண்டு கேள்வி கேட்டாலே பல நேரங்களில் வழி திறக்கும்.

தொழிலிடத்தில் இது வேறு உருவங்களிலும் வரும். நன்றாக வலை பொத்துபவர் கண்ணியைத் தவறவிடுவார், கலகலப்பானவர் ஒதுங்குவார், சாந்தமானவர் சிறு சொல்லுக்கும் சீறுவார். ஆண்களிடம் சோர்வு பெரும்பாலும் கோபமாகவே வெளிப்படுவதால் அது நோயென்று பிடிபடுவதில்லை. நித்திரையும் கவனமும் குறைந்த ஒருவர் கடலில் இருப்பது அவருக்கும் உடனிருப்பவருக்கும் ஆபத்து.

குடி

கடலால் வந்த களைப்புக்கும் குளிருக்கும் என்று தொடங்கும் குடி பலருக்கு நித்திரைக்கான மருந்தாகிவிடுகிறது. மதுசாரம் முதலில் கண்ணை மூட வைத்தாலும் பின்னிரவு நித்திரையைக் கெடுக்கும், மனச்சோர்வை ஆழமாக்கும். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் ஒரேநாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். எனவே நிறுத்துவதும் வைத்தியரின் துணையோடு நடக்க வேண்டும்.

உதவி கிடைக்கும் வழிகள்

நெடுங்காலம் இலங்கையில் உளநோய் என்றால் அங்கொடை மனநோய் வைத்தியசாலை என்றே இருந்தது. அங்கொடை என்ற பெயரே ஏச்சாகவும் பயன்பட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையைக் கொழும்புப் பகுதியிலிருந்து மாவட்டங்களுக்கு நகர்த்தும் நோக்குடையது. புத்தளம், சிலாபம் அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றி உதவி பெறலாம். முதலில் அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், அங்கிருந்து உளநலப் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்பதும் முறையே. பிரதேச செயலகங்களூடாக உளவளத்துணையும் வழங்கப்படுகிறது. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை நாட்டின் எப்பகுதியிலிருந்தும் அழைக்கலாம். சுமித்ரயோ அமைப்பு 1974 முதல் மனம் நொந்தவர்களுக்குச் செவிகொடுத்து வருகிறது.

மொழி இங்கே பெரிய தடை. மனநோயைச் சொல்ல மொழி ஒன்றே கருவி. சிங்களத்தில் காய்ச்சலைச் சொல்லிவிடலாம், கணவன் இறந்த பின் வந்த வெறுமையைச் சொல்ல முடியாது. தமிழ் பேசும் உளவளத்துணையாளரைக் கேட்பது நோயாளியின் உரிமை. பிள்ளையையோ அயலவரையோ மொழிபெயர்க்க வைத்தால் சொல்ல வேண்டியது மறைக்கப்படும்.

பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதும், கோயிலில் நூல் கட்டுவதும், தலவில் அன்னம்மாள் ஆலயத்தில் நேர்த்தி வைப்பதும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. அவற்றை இகழ வேண்டியதில்லை. அவற்றோடு சிகிச்சையும் நடக்கலாம். கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது ஆகியவை எந்தப் பெயரில் நடந்தாலும் தடுக்கப்பட வேண்டியவை. மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரமாகும். பலர் முதல் வாரத்திலேயே பயனில்லை என்று விடுகிறார்கள், அல்லது சற்றுச் சுகமானதும் நிறுத்துகிறார்கள். சுகமான பின்னும் சில மாதங்கள் எடுத்து, வைத்தியர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

உயிராபத்து

1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அந்த வீதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. ஆபத்தான எண்ணம் பெரும்பாலும் சில மணிநேர அலை. அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் உயிர் தப்பும், தப்பியவர் மீண்டும் வாழ்கிறார். கற்பிட்டித் தோட்டங்களில் பூச்சிமருந்துப் போத்தல்களைக் குடிலில் வைக்காமல் பூட்டிய பெட்டியில் வைத்துச் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பது எளிய, பயனுள்ள காப்பு. சாவைப் பற்றிப் பேசுபவரிடம் அதை நேரடியாகக் கேட்கலாம். கேட்பது எண்ணத்தை விதைக்காது. அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். தற்கொலை முயற்சி குற்றமென்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டதால் பொலிஸுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

வேலை தருவோரும் சங்கங்களும்

1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்திலிருந்தும் தீயிலிருந்தும் உடலைக் காக்க வந்தது. 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. வள்ளத்திலும் தோட்டத்திலும் வேலைசெய்பவர் இவ்விரண்டுக்குள்ளும் வருவதில்லை. அங்கே பொறுப்பு சம்மாட்டியிடமும் முதலாளியிடமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமுமே தங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தொழிலிட உளநல வழிகாட்டுதல், தொழிலாளியைத் திருத்துவதோடு நில்லாமல் வேலையின் நிலைமைகளையும் மாற்றச் சொல்கிறது. இக்கரையில் அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கூலியைச் சொன்ன நாளில் கொடுக்கலாம், முற்பணக் கணக்கை இருவரும் பார்க்கக்கூடியதாக எழுதி வைக்கலாம், பலர் முன் ஏசுவதை நிறுத்தலாம், பண்ணைக் காவலுக்கு ஆள் மாற்றிவிடலாம். சங்கம் தொழில் மந்தமான மாதங்களுக்கென்று சேமிப்பும் குறைந்த வட்டிக் கடனும் ஏற்பாடு செய்தால், முதலாளியின் கடனில் சிக்காமல் பலர் தப்புவார்கள். குடும்பநல உத்தியோகத்தரும் உளவளத்துணையாளரும் மண்டபத்தில் கூட்டம் போடுவதைவிட, படகு கரையேறிய பின் வலை பொத்தும் நேரத்தில் வாடிக்கே போய்ப் பேசுவது அதிகம் பேரை எட்டும்.

சிகிச்சை பெற்றவர் வேலைக்குத் திரும்பும்போது சில வாரங்கள் இலகுவான வேலையோ குறைந்த நேரமோ தருவது நல்லது. சில மருந்துகள் தூக்க மயக்கம் தரும் என்பதால், படகோட்டுவது, இயந்திரம் இயக்குவது ஆகியவற்றை மீண்டும் எப்போது செய்யலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். அவரின் நோயைப் பற்றி மற்றவர்களிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். மாதாந்தக் கிளினிக் நாளில் கூலியை வெட்டாமல் போகவிடுவது, சிகிச்சை இடைநடுவில் அறுந்துபோவதைத் தடுக்கும்.