விறகு இயந்திரத்தைப் பழுது பார்ப்போம், பயனையும் கூட்டுவோம்

விறகு வியாபாரம் என்றாலே "அது நம் பாட்டன் காலத்துத் தொழில்" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் பலர். 2022ஆம் ஆண்டு அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் கிடைத்தபாடில்லை. பேக்கரிக்காரரும் ஹோட்டல்காரரும் விறகு காலையைத் தேடி அலைந்தார்கள். பின்னர் எரிவாயு வந்தது, விலையும் இறங்கியது. ஆனால் விறகு அடுப்பைத் தட்டித் துடைத்து எடுத்தவர்கள் எல்லோரும் அதை மீண்டும் மூலையில் போட்டுவிடவில்லை.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் உள்ள தர்மபுரம் போன்ற ஊர்களில் விறகுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. பாலை, வீரை, வேம்பு, வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை என்று எல்லாம் உண்டு. இதில் சீமைக்கிளுவையைக் குறைவாக எடைபோடக் கூடாது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அறிவிக்கப்பட்டது அதுதான். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். மரம் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. இல்லாதது கோடரி பிடிக்கும் கூலியாள்தான். ஆகவேதான் பலரும் வட்டவாளும் பிளக்கும் இயந்திரமும் வாங்கப் பார்க்கிறார்கள். புதியது வாங்க முதல் போதாதவர் பழையதை வாங்குகிறார். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வட்டவாள். வாள் திணறுகிறது என்றதும் பெரிய மோட்டாரைத் தேடி ஓடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி மழுங்கிய பல்லும் தளர்ந்த பெல்ட்டும்தான். இரண்டு மூன்று பெல்ட் ஓடும் இயந்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால், பழையவை இழுபட்டிருப்பதால் சுமை முழுவதும் புதியதன் தலையில் விழும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஒன்றாக மாற்ற வேண்டும். தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் போய்விட்டது என்று பொருள்.

அடுத்தது வேகம். 24 அங்குல வாளை நிமிடத்துக்கு 1,440 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 9,000 அடி ஓடும். அது போதுமான வேகம். "வேலை வேகமாக முடியட்டும்" என்று 2,880 சுற்று மோட்டாரை நேரடியாகப் பூட்டினால் அந்த ஓட்டம் 18,000 அடியாகிறது. வாள் தாங்காது. வாளின் முகத்தில் அதிகபட்சச் சுற்று பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டே பெல்ட் சில்லின் அளவைத் தீர்மானியுங்கள்.

பிளக்கும் இயந்திரத்தின் கணக்கு

எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பிளக்கும் இயந்திரத்தின் கணக்கு எளிது. 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் முகப்பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தல் அழுத்தம் கொடுத்தால் 25,000 இறாத்தல், அதாவது 11 தொன்னுக்குச் சற்றுக் கூடிய தள்ளுவிசை. பலம் குறைந்தால் முதலில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் நுரைத்திருந்தால் உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடியும் அடைபட்டிருக்கலாம். இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே பம்ப், சீல் என்று செலவில் இறங்குங்கள்.

அழுத்தத்துக்கு எல்லை வைக்கும் ரிலீஃப் வால்வை இறுக்கிப் பலத்தைக் கூட்டும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. பிரஷர் கேஜ் பூட்டாமல் அந்தத் திருகாணியைத் தொடவே கூடாது. வெடிப்பது ஹோஸ்தான், ஆனால் அடிபடுவது பக்கத்தில் நிற்பவர். இன்னொன்று. எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியாகப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளி போலத்தான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். காட்போட் மட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள்.

முன்னேற்றம் என்று பார்த்தால், காசுக்குப் பெறுமதியானது இருநிலைப் பம்ப். 24 அங்குலம் ஓடும் மேற்சொன்ன சிலிண்டரை நிரப்ப ஏறக்குறைய 5 லீற்றர் எண்ணெய் தேவை. நிமிடத்துக்கு 20 லீற்றர் தரும் சாதாரணப் பம்ப்புக்கு ஒரு தள்ளலுக்கு 15 வினாடி பிடிக்கும். முழு அழுத்தத்தில் அதை இழுக்க 7 குதிரைவலு வேண்டும். இருநிலைப் பம்ப், மரத்தில் ஆப்பு முட்டும்வரை நிமிடத்துக்கு 40 லீற்றர் அனுப்பும். முட்டியதும் 10 லீற்றராகக் குறைந்து முழு அழுத்தத்தைக் கொடுக்கும். எனவே 5 குதிரைவலு மோட்டாரே போதும், வெறும் ஓட்டத்தில் போகும் நேரமும் பாதியாகும்.

நான்கு முனை ஆப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். சீமைக்கிளுவைக்கு அது சரி. முடிச்சு விழுந்த பாலைக்கு ஒற்றை ஆப்புதான். கழற்றி மாட்டும்படி வெல்டிங் செய்துகொள்வது நல்லது. இரண்டு கையாலும் பிடித்தால் மட்டுமே ஆப்பு நகரும்படி கைபிடியை மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கையால் இயக்கி மறு கையால் கட்டையைப் பிடித்தவர்கள்தான் விரலைக் கொடுத்தவர்கள்.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

வன்னி மரத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் தர்மபுரமும் யுத்தத்துக்குள் சிக்கிய ஊர். அன்று நின்ற மரங்களில் செல் துண்டும் சன்னமும் புதைந்து, மேலே பட்டை மூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வாள் அதில் பட்டால் பல் தெறிக்கும், எதிரே நிற்பவரின் கண் போகும். பிரான்ஸில் வெர்டன் பக்கத்துக் காட்டு மரங்களை அறுத்தவர்கள் முதலாம் உலகப் போர் முடிந்து பல தசாப்தங்களுக்குப் பின்னும் இதே தொல்லையை அனுபவித்தார்கள்.

கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி, அடிமரம் ஒவ்வொன்றையும் சுற்றித் தடவிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் இரும்பு பக்கத்தில் இருக்கக்கூடும். சந்தேகமான கட்டையை வட்டவாளுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள். ஒரு கட்டையின் இலாபம் ஒரு வாளின் விலைக்கு ஈடாகாது. உள்ளே இருப்பது வெறும் துண்டா, வெடிக்காத பொருளா என்று தோண்டிப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம். அப்படியே விட்டு விலகி, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். கண்ணிவெடிப் பலகை நட்ட காணிக்குள் விறகுக்காகக் கால் வைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஈரமும் எடையும்

இயந்திரத்தின் உண்மையான இலாபம் காய வைப்பதில்தான் இருக்கிறது. பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். அப்படிப்பட்ட 100 கிலோவை ஈரம் 20 வீதத்துக்கு வரும்வரை காய வைத்தால் 62.5 கிலோதான் மிஞ்சும். அதில் ஒரு கிலோ ஏறக்குறைய 14 மெகாயூல் வெப்பம் தரும், பச்சையோ 8தான். குறுக்கே வெட்டிப் பிளந்த துண்டு, பட்டையோடு கிடக்கும் கட்டையை விட விரைவாகக் காயும். அந்தரைக் கணக்கில் பச்சை விறகை நிறுத்து விற்றால் வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு நபிகளார் ஈரத்தைக் கண்ட சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. காய்ந்ததைக் காய்ந்ததென்றும் பச்சையைப் பச்சையென்றும் சொல்லி, இரண்டுக்கும் இரண்டு விலை வையுங்கள். காய்ந்த விறகுக்குக் கிலோவுக்குப் பச்சையை விட அறுபது வீதம் கூட்டிக் கேட்டாலும் கணக்கு நியாயமே. விபரம் தெரிந்த பேக்கரிக்காரர் அதைக் கொடுப்பார்.

அனுமதி விடயத்தையும் மறக்கக் கூடாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஏனைய மரங்களை லொறியில் ஏற்றுவதற்கு என்ன பத்திரம் வேண்டும் என்பதை, தர்மபுரத்தவர்கள் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வழியில் மறிக்கப்பட்ட பிறகு கேட்பதில் பயனில்லை.

பிளந்த விறகை நிலத்தில் போடாமல் கட்டைமேல் அடுக்கி, பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் தகரம் போடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகக் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அடுக்கு நிறைந்திருந்தால், மற்றவர்கள் நனைந்த விறகோடு நிற்கும் மார்கழியில் உங்கள் விறகு காலையைத்தான் தேடி வருவார்கள்.