செஞ்சாயமும் முன்பணமும்

நெசவாளர்க்குச் சாயத்தின் அருமை தெரியும். குடியானவர்க்கு விளைபொருளின் அருமை தெரியும். இவ்விருவர் தொழிலையும் இணைத்த வரலாறு ஒன்று மெக்சிகோ நாட்டில் உண்டு. 1521 முதல் 1821 வரை ஸ்பானியர் அந்நாட்டை ஆண்டனர். அக்காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாக அங்கிருந்து ஏற்றுமதியான விலைமிக்க சரக்கு, ஒரு சிறு பூச்சியிலிருந்து கிடைத்த சிவப்புச் சாயமேயாகும். அதனை உழைத்து விளைத்தவர் யார், ஊதியம் கண்டவர் யார் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

கொச்சினீல் எனப்படும் இப்பூச்சி, சப்பாத்திக்கள்ளியின் மடலில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சி வாழ்வது. பெண் பூச்சியின் உடலிலேயே சாயம் உள்ளது. சினைப் பூச்சிகளைச் சிறு கூடுகளில் இட்டு மடல்களில் பொருத்துவர். குஞ்சுகள் மடலில் பரவி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் முதிரும். அவற்றை மெல்ல வழித்தெடுத்து, வெந்நீரிலோ வெயிலிலோ கொன்று உலர்த்துவர். ஓர் இராத்தல் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். பெருமழையோ உறைபனியோ வந்தால் அத்தனை உழைப்பும் வீணே. படிகாரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் இச்சாயம் பட்டிலும் கம்பளியிலும் நன்கு பிடித்து நிலைக்கும்.

ஸ்பானியர் வருமுன்பே பூர்வ குடிகள் இப்பூச்சியை வளர்த்து, அஸ்டெக் மன்னர்க்குத் திறையாகவும் செலுத்தி வந்தனர். ஸ்பானியர் அதனை ஐரோப்பியச் சந்தைகளுக்கு அனுப்பினர். பிற நாட்டார் தொழிலின் இரகசியத்தை அறியாதவாறும் காத்தனர்.

வஹாக்கா மாகாணமே இத்தொழிலின் நடுவிடம். நாள்தோறும் நுட்பமான கவனிப்பு வேண்டியிருந்தமையால், கூலியாட்களை வைத்து நடத்தும் பெரும் பண்ணைகளுக்கு இது ஏற்கவில்லை. ஆகவே பூர்வ குடிக் குடும்பங்களின் கையிலேயே தொழில் தங்கிற்று. கள்ளியும் அவர்களுடையது, கைத்திறனும் அவர்களுடையது. விலை மட்டும் பிறர் வசம் இருந்தது.

அது எவ்வாறு நேர்ந்தது? அல்கால்தே மயோர் எனப்பட்ட மாவட்ட அதிகாரிகள், பெரும் வணிகரிடம் முதல் பெற்று, குடியானவர்க்கு முன்பணம் அளித்தனர். இராத்தலுக்கு 12 ரியல் வீதம் முன்னரே கொடுத்துவிட்டு, அறுவடையில் சரக்கைப் பெற்றுக்கொள்வது வழக்கம். சந்தை விலை பல ஆண்டுகளில் அதனினும் மிக உயர்ந்திருந்தது. கொடுக்கத் தவறியவரை விசாரிக்கும் நீதிபதியும் அவ்வதிகாரியே! கடன் கொடுத்தவரே தீர்ப்பும் கூறினால் எளியவர் எங்கே முறையிடுவது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. விளைச்சல் பொய்த்தால் கொடுத்த பணம் திரும்பாது. ஆதலின் வேறு எவரும் அம்மக்களுக்குக் கடன் தர முன்வரவில்லை. வரி செலுத்தவும் சோளம் வாங்கவும் பணம் வேண்டியிருந்தமையால், பலர் தாமே விரும்பி முன்பணம் பெற்றனர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

1786-ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு இம்முறையைத் தடை செய்தது. தடை முழுதும் நிறைவேறவில்லையெனினும், முன்பணம் சுருங்கிற்று. 1774-இல் 15 லட்சம் இராத்தலைக் கடந்திருந்த விளைச்சல், பின்னர் பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1785-86-இல் நேர்ந்த பஞ்சமும், ஐரோப்பியப் போர்களால் வாணிகம் தடைப்பட்டமையும் அதற்குக் காரணங்களே. ஆயினும் கடன் வழி அடைபட்டதும் ஒரு காரணம் எனக் கருதுவோர் உளர். 1856-இல் பெர்க்கின் என்பவர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தபின், இத்தொழில் நாளடைவில் நலிந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. சட்டம் அநியாயக் கடனைத் தடுக்கலாம். ஆனால் விதைப்புக்கும் பாவுக்கும் வேண்டிய பணத்தை அது கொண்டுவந்து தராது. பழைய வழியை அடைக்கும்போதே நேர்மையான புதுவழியைத் திறந்தாக வேண்டும். வஹாக்கா மக்களிடம் நிலமும் திறமையும் இருந்தன. ஒருங்கே நின்று விலை பேசும் சங்கம் இல்லை. சங்கத்தில் நாம் செலுத்தும் பங்குத்தொகையும், தவணை தவறாமல் திருப்பும் கடனும் அக்குறையை நிறைப்பனவே என்பதை மறவாதிருப்போமாக.