தேய்ந்த துடைப்பமும் மறையூர் வெல்லமும்

தன் உடைமை எளியதாயினும் அதனை அரியதாகப் போற்றுவது மனித இயல்பு. இதனைக் குறிக்கச் சீன மக்கள் தேய்ந்த துடைப்பத்தை உவமையாக்குவர்; கான்டன் வட்டாரத்தாரும் இத்தொடரை வழங்குவர். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சாவ் பீ என்னும் சீன அரசர், எழுத்தாளர் தத்தம் எழுத்தையே வியந்துகொள்ளும் குறையைக் கடிவதற்கு இத்துடைப்பத்தையே எடுத்தாண்டார்.

இத்தொடரைத் தமிழாக்குவோர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேட்போர் மனத்தில் ஒட்டாது. ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்றால் உடனே விளங்கும். ஆயினும் இரு வழக்குகளிலும் மெல்லிய ஏளனம் ஒன்று உண்டு. மதிப்பு பொருளில் உள்ளதா, உடையவன் கண்ணில் உள்ளதா என்பதே அவை எழுப்பும் ஐயம்.

இவ்வினாவுக்கு மறையூர் விடை தருகிறது. மூணாற்றுக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையே, மலைத்தொடரின் மழை மறைவில் அமைந்த ஊர் இது. சந்தனக் காட்டுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். இங்கே கரும்பைப் பிழிந்து, சக்கையையே எரித்துச் சாற்றைக் காய்ச்சி, பாகினைக் கையால் உருட்டி வெல்லமாக்குவர். தமிழர் வெல்லம் என்பதை மலையாளத்தார் சர்க்கரை என்பர். நிறம் கருமை கலந்த பழுப்பு. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் அன்று. உப்புக் கரிக்காத இனிப்பே அதன் சிறப்பு.

பிற இடத்து வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்பட்டபோது, உண்மையான உழவர்க்கு உரிய விலை கிட்டவில்லை. அபிமானம் மட்டும் அவர்களைக் காக்க இயலவில்லை. எல்லை எது, செய்முறை எது, குணம் எது என்று எழுத்தில் நிறுவ வேண்டியதாயிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2019இல் மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றது.

நேயர்களே, தன் பொருளைப் போற்றுதல் பிழையன்று; சோதனைக்கு உட்படுத்தாமல் போற்றுதலே பிழை. குறியீடு பெயரைக் காக்கும்; விலையைக் காப்பதோ வாங்குவோர் கடமை. நிறம் மங்கிய உருண்டையைக் கடையில் காணும்போது, அது பிறந்த ஊரைக் கேட்டு வாங்குங்கள். தன் குஞ்சைப் பொன் என்று காக்கை சொல்வது எப்போதும் வீண் பெருமை ஆகாது.