வேலை இழந்த மூக்கு

மட்டக்களப்பு அமிர்தகழிப் பக்கத்துத் தெருவில் வளர்ந்த நாயொன்றை வளவுக்குள் கொண்டுவந்தால், முதல் சில நாள்கள் அது பெரும்பாலும் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். குரைக்காது. வைத்த சோற்றை ஆள் விலகிய பிறகுதான் தின்னும். "நல்ல சாதுவான நாய்" என்று வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். இரண்டு மூன்று கிழமையில் அதே நாய் செருப்பைக் கிழிக்கும், சைக்கிளைத் துரத்தும், வேலிக்கடியில் குழி தோண்டும், வருகிறவர் நெஞ்சில் தாவும். நாய் மாறிவிடவில்லை. முதலில் கண்டது பயத்தில் உறைந்த உடம்பு. 1997இல் வெளியான ஆய்வொன்றுக்காக மைக்கேல் ஹென்னஸி குழுவினர் அமெரிக்கக் காப்பகமொன்றின் நாய்களைச் சோதித்தபோது, வந்து சேர்ந்த முதல் மூன்று நாள்களில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் வீட்டு நாய்களிடம் உள்ளதைவிட மிகவும் கூடியிருந்தது. அது தணிந்த பிறகே நாய் தன் சுபாவத்தைக் காட்டுகிறது.

அந்தச் சுபாவம் எங்கே உருவானது? அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 364 தெருக்குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. இனப்பெருக்க வயதைத் தொட்டவை 19 சதவீதம் மட்டுமே. மீந்தவை எவை என்று ஊகிக்கலாம்: கண்டதை உடனே கவ்வியவை, சந்தேகப்பட்டவை, ஓயாமல் திரிந்தவை. நாம் குழப்படி என்று திட்டுவதெல்லாம் அதன் பிழைப்பு.

சைக்கிள் துரத்தலைப் பாருங்கள். நாய் குரைக்கிறது, சைக்கிள் போய்விடுகிறது. சைக்கிள்காரர் தன் வேலைக்குப் போகிறார் என்பது நாய்க்குத் தெரியாது. தான் விரட்டியதாகவே அது கணக்கு வைக்கும். தினமும் வெற்றி கிடைக்கும் வேலையை யார்தான் விடுவார்?

குட்டியின் மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரை, எது இயல்பு எது ஆபத்து என்று மூளை பிரித்துப் பழகும் காலம். ஸ்கொட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக எழுதியது. வாவிக்கரையின் ஒதுங்கிய மூலையில் அந்தக் கிழமைகளைக் கழித்த குட்டிக்கு, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் திரளும் சனமும் ஒலிபெருக்கியும் வெறும் திருவிழா அல்ல. நமக்கு எட்டாத மேல்சுருதிகளும் அதன் காதில் விழுகின்றன. அந்த நாள்களில் அதை உள்ளறையில் விடுவதே நல்லது.

அடித்துத் திருத்தலாம் என்பார்கள். போர்த்துக்கலில் 92 நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், தண்டனை முறையில் பழக்கப்பட்ட நாய்களிடம் அழுத்தத்தின் அடையாளங்கள் கூடுதலாகத் தெரிந்தன. சங்கிலி இன்னும் மோசம். பயந்த நாய்க்கு ஓடும் வழி அடைபட்டால் கடிப்பதுதான் மிச்சம்.

கடி என்றதும் விசர்நாய்க்கடியைச் சொல்லாமல் போக முடியாது. 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்ட இலங்கை, தடுப்பூசியையும் கருத்தடையையுமே நம்பியிருக்கிறது. ஆகவே பெயர் வைப்பதற்கு முன் தடுப்பூசி. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அடிக்கவும் கட்டவும் கூடாதென்றால், தெருவில் பழகிய அந்தத் துறுதுறுப்பை எங்கே செலவழிப்பது? கால்களை மட்டும் களைக்கவைத்தால் இன்னும் பலமான நாய்தான் கிடைக்கும். களைக்கவேண்டியது மூக்கு. மனிதருக்கு ஐம்பது, அறுபது லட்சம் மோப்ப உணர்கலங்கள் என்றால், நாய்க்கு இருபது கோடிக்கு மேல். சார்லொட் துராந்தோன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019இல் வெளியான ஆய்வில் சில வளர்ப்பு நாய்களுக்கு இரண்டு கிழமை மோப்பப் பயிற்சியும், மற்றவற்றுக்கு ஆளோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். பிறகு தீன் இருக்குமோ இராதோ என்று சொல்லமுடியாத இடத்தில் கிண்ணம் வைத்தார்கள். மோப்பம் பிடித்தவை முன்னைவிட நம்பிக்கையோடு வேகமாகப் போய்ப் பார்த்தன. மற்றவற்றில் அந்த மாற்றம் இல்லை.

நம் வளவில் இதற்குச் செலவே கிடையாது. முள் எடுத்த அவித்த மீனை நாலைந்து பொச்சுமட்டைகளுக்குள் ஒளித்துப் போடலாம். விடியற்காலையில் வாவிக்கரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நண்டு வளையொன்றை அது முகர்ந்து முடிக்கும்வரை இழுக்காமல் நிற்கலாம்.