கூட்டிக் கழிக்கும் பெடல்

மணியடிப்பது போல ஒலிப்பதால்தான் இந்தக் கிட்டார் பெடலுக்கு ரிங் மாடுலேட்டர் என்று பெயர் வந்திருக்கும் என நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். காரணம் வேறு. அதன் பழைய சர்க்யூட்டில் நான்கு டையோடுகள் வளையமாக இணைந்திருக்கும். 1930களில், ஒரே தொலைபேசித் தடத்தில் பல உரையாடல்களை அனுப்பும் வேலைக்காக உருவான சுற்று அது. இசைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அது போடுவது ஒரே கணக்குத்தான். கிட்டாரின் ஐந்தாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். பெடலுக்குள் இருக்கும் அலையியற்றியை 300-இல் வைத்தால், வெளியே வருபவை கூட்டிய 410-உம் கழித்த 190-உம். மீட்டிய 110 காணாமல் போயிருக்கும். அதே கம்பியை 12ஆம் ஃபிரெட்டில் பிடித்தால் 220. இப்போது 520-உம் 80-உம் கேட்கும். கை மேலே ஏற ஏற ஓர் ஒலி ஏறுகிறது, மற்றது இறங்குகிறது! கம்பியின் ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் இதே கதிதான். அதனால்தான் அந்த விரிசல் விட்ட வெண்கல மணியோசை.

அலையியற்றியை 440-க்குத் திருப்புங்கள். 110-க்கு 330-உம் 550-உம் வரும். 110-ஐச் சட்ஜமாகக் கொண்டால் முன்னது பஞ்சமம், பின்னது அந்தர காந்தாரம். சட்டென்று சுருதி சேர்ந்துவிடும். பாட்டின் சுருதி பார்த்துக் குமிழைத் திருகத் தெரிந்தால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

ஐந்தாறு ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் வெறும் ட்ரெமலோ நடுக்கம். முப்பதை ஒட்டி வைத்துப் பேசினால், 1963-இல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்த டாலெக்குகளின் குரல். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசன் 1970-இல் இரண்டு பியானோக்களை இதற்குள் செலுத்தி ஒரு படைப்பே செய்தார். அதன் பெயர் 'மந்த்ரா'.

வாங்கும்போது முதலில் மிக்ஸ் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மூல ஒலியைக் கலக்க வழியில்லை. அலையியற்றி ஒற்றை இலக்க ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும். எக்ஸ்பிரஷன் பெடல் செருக இடமிருந்தால் வாசிக்கும்போதே காலால் மாற்றலாம். பாப் மூகின் எம்எஃப்-102 பெடலில் இம்மூன்றும் உண்டு. அதன் அலையியற்றி 0.6 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 வரை போகும். ஆனால் தயாரிப்பு 2018-இல் நின்றுவிட்டதால் இப்போது செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும்.

கழுத்துப் பக்க பிக்கப்பைத் தேர்ந்து, டோனைக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வாசியுங்கள். மேற்சுரங்கள் குறைவதால் ஒலி தெளியும். கார்டு பிடித்தால் சந்தைக்கடை இரைச்சல்தான். கார்டு மட்டுமே வாசிப்பவர் என்றால், அந்தக் காசை ஒரு நல்ல டிலே பெடலில் போடுங்கள்.