புகையும் ஆவியும் பட்ட ஈறு

மூன்று புறம் தமிழ்நாட்டு எல்லையும் கிழக்கே வங்கக் கடலுமாக அமைந்த காரைக்கால் சிறிய நிலப்பகுதியே எனினும், 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பி, 1954இல் இந்தியாவோடு சேர்ந்த அதன் விசேஷ சரித்திரத்தாலும், கடல் கடந்த வர்த்தகத் தொடர்பாலும், இவ்வூர்க் குடும்பங்கள் பல பிரான்ஸிலும் சிங்கப்பூரிலும் கிளை பரப்பியிருக்கின்றன. ஆதலால், இளைஞர்கள் 'வேப்' என்று சொல்லும் மின்சிகரெட்டின் விஷயத்தில், ஒரே பாட்டியின் பேரன்மார் மூவர் மூன்று விதச் சட்டங்களுக்கு உட்பட்டிருப்பது இங்கே ஆச்சரியமன்று. பாரிஸில் இருப்பவன் அதைக் கடையில் வாங்கலாம். உறிஞ்சித் தீர்ந்ததும் எறிந்துவிடும் வகையை மட்டும் அந்நாடு 2025 பிப்ரவரியில் தடை செய்தது. சிங்கப்பூரில் இருப்பவன் கையில் வைத்திருந்தாலே குற்றம். காரைக்காலில் இருப்பவனுக்கோ 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதன்படி விற்பவனுக்கு முதல் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அதே தெருவின் பெட்டிக்கடையில் பீடிக்கட்டு தாராளமாகத் தொங்குகிறது என்பது வேறு கதை.

பீடியோ சிகரெட்டோ சுருட்டோ, அங்கே புகையிலை எரிகிறது. அந்த எரிதலில் பிறக்கும் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்களுள் சுமார் 70 புற்றுநோயை விளைவிப்பவை. பல்லில் படியும் கறை கண்ணுக்குத் தெரியும் சிறு கேடு. பெருங்கேடு ஈற்றில் நிகழ்கிறது. பல்லிடுக்கில் கிருமிகள் குடியேறினால், ஆரோக்கியமான ஈறு சிவந்து வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசிந்து உடையவனை எச்சரிக்கும். புகைப்பவன் ஈற்றிலோ, நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், அது வெளுத்து இறுகி, கசிய வேண்டிய வேளையிலும் கசியாமல் மௌனம் சாதிக்க, உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்துபோகிறது. "நாற்பது வருஷமாப் பிடிக்கிறேன், ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை" என்று பெருமை பேசும் பெரியவரை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பெருமையே நோயின் லட்சணம்.

மின்சிகரெட்டில் எரிதல் இல்லை. 2003இல் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர் உருவாக்கிய இக்கருவியில், பேட்டரியால் சூடேறும் கம்பிச்சுருள், புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின், வாசனைத் திரவியம், நிகோடின் ஆகியவை கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லையென்றே சொல்லலாம், புற்றுநோய்ப் பொருள்களும் மிகக் குறைவு. இதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் இரத்தக் குழாயைச் சுருக்கும் நிகோடின் அப்படியே இருக்கிறது. அதற்குமேல், புகைக்கு இல்லாத இரண்டு குணங்களும் சேருகின்றன. கருவாடு போடும்போது உப்பு மீனின் ஈரத்தை இழுப்பதுபோல், புரோப்பிலின் கிளைக்கால் வாயின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காக்கும் உமிழ்நீர் குறைகிறது. கிளிசரினோ பிசுபிசுப்பானது, இனிப்பு வாசனையோடு அது பல்லில் ஒட்ட, சொத்தைக் கிருமிகளும் அங்கே எளிதில் ஒட்டிக்கொள்கின்றன.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் தம் பல் மருத்துவமனைக்கு வந்த 13,000க்கும் மேற்பட்டோரின் குறிப்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டபோது, ஆவி உறிஞ்சுவோரில் நூற்றுக்கு 79 பேரும் ஏனையோரில் 60 பேரும் சொத்தை அபாயம் மிகுந்தவர்களாகக் காணப்பட்டனர். உறிஞ்சுவதாகச் சொன்னவர்கள் 91 பேரே ஆதலால், இதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது; எனினும் அலட்சியம் செய்யவும் இடமில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2020இல் கண்டதோ இன்னும் விபரீதம்: ஆவி உறிஞ்சியும் நோய்க்குறி ஏதுமற்றிருந்த இளைஞர் ஈற்றினடியிலும், ஈறுநோய்க்காரர் வாயில் வாழும் கிருமிக் கூட்டத்தை ஒத்த கூட்டம் குடியிருந்தது.

ஆகவே, 'சிகரெட்டைவிடத் தேவலை' என்ற வாக்கியம் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்கவேண்டும். முப்பது வருஷம் புகைத்து, அதை முற்றிலும் விட்டு மாறியவர் சொன்னால் அதில் பொருளுண்டு. ஒருநாளும் பீடி தொடாத கல்லூரி மாணவன் தன் வாயைப் பீடிக்காரர் வாயோடு ஒப்பிட்டுத் திருப்தியடைவது பொருந்தாது. அவன் ஒப்பிடவேண்டியது நேற்றுவரை சுத்தமாயிருந்த தன் வாயோடுதான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிப்பவருக்கோ லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலும் நம் தேசத்தில், 2016–17 கணக்கெடுப்பின்படி, புகைப்போர் 10.7 சதவிகிதம் என்றால் புகையிலையை மெல்லுவது முதலான புகையில்லா வழிகளில் உபயோகிப்போர் 21.4 சதவிகிதம், புகையிலை சேராத பாக்கே புற்றுநோய்ப் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. வெற்றிலைச் செல்லம் மடியிலிருக்கையில் புகையா ஆவியா என்று வாதிடுவது பாதி வாயை மட்டும் பரிசோதிப்பதாகும்.

விட நினைப்பவர்கள் ஒரு விஷயத்தை முன்னதாக அறிந்திருப்பது நலம். பழக்கத்தை நிறுத்திய சில வாரங்களில் ஈற்றில் இரத்தம் கசியத் தொடங்குவதுண்டு. அதைக் கண்டு மிரண்டு, விட்டதே தவறென்று மீண்டும் தீப்பெட்டியைத் தேடுவோரும் உண்டு. சுருங்கியிருந்த குழாய்களில் இரத்தவோட்டம் திரும்ப, அத்தனை நாள் மறைந்திருந்த அழற்சி வெளிப்படுகிறது, அவ்வளவே. அச்சமயம் பல் வைத்தியரிடம் சென்று, பற்காரையை அகற்றச் செய்து, ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்லும்படி கேட்கவேண்டும். மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை, அதற்கு மேலானால் சிகிச்சை தேவைப்படலாம்.