மலைக் காற்றும் கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத மாலையில் குன்னூரிலிருந்து உதகைக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். அரவங்காட்டைத் தாண்டிய ஏற்றத்தில் எஞ்சின் விட்டு விட்டு இழுக்கத் தொடங்கியது. ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்பார்களே, அதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி குலுங்கியதே தவிர வேகம் கூடவில்லை. பின்னால் வந்த பேருந்து ஓயாமல் ஹாரன் அடித்தது. மலைச்சாலை வளைவில் இது விளையாட்டன்று. ஆனால் ஏற்றம் முடிந்து சமதளம் வந்ததும் அதே எஞ்சின் ஒழுங்காக ஓடியது! இந்த விந்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு காண்போம்.

என்னுடையது என் தந்தையார் காலத்து அம்பாசடர் கார். அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தியதும், பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் மின்பொறி தாவிக் கலவையைப் பற்றவைக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழன்றால் ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 முறை பொறி தர வேண்டும். 12 வோல்ட் பாட்டரி இதை எவ்வாறு செய்யும்? மின்காந்தத் தூண்டலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். காயிலின் முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால், பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் எழுகிறது. ஆகவே எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைத் தொடுவது பேராபத்து.

மறுநாள் காலை எஞ்சின் நன்கு குளிர்ந்திருந்தபோது பிளக்குகளைக் கழற்றினேன். நீங்களும் வீட்டுப் பெரியவர் ஒருவருடன் இதைச் செய்யலாம். சாவியை எடுத்துவிட்டு, ஒயரின் ரப்பர் மூடியைப் பிடித்து இழுங்கள். ஒயரையே இழுத்தால் உள்ளே அறுந்துபோகும். நான்கு ஒயர்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். இடம் மாறினால் பொறி தவறான சிலிண்டருக்குப் போய்விடும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளிய பிறகே பிளக் ஸ்பேனரைப் போட வேண்டும்; இல்லையேல் மண் சிலிண்டருக்குள் விழும்.

குளிர்ந்த எஞ்சின் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. பல கார்களின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும். சூடாக இருக்கும்போது இறுக்கிய பிளக்கை, ஆறியதும் சுருங்கும் ஹெட் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது பிளக்கோடு மரையும் சேர்ந்து வந்துவிடக்கூடும். 

என் கையில் வந்த நான்கு பிளக்குகளின் நுனியும் அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தன. நல்ல நிலையிலுள்ள பிளக்கின் பீங்கான் நுனி வெளிறிய பழுப்பு நிறமாக இருக்க வேண்டும். ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிகிறது என்று பொருள். என்னுடையவை உலர்ந்த புகைக்கரி. ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். நான்கும் கறுத்திருந்தால் நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று அல்லவா காரணம்? அன்று எனக்கு இது தோன்றவில்லை. புதிய பிளக்குகளை வாங்கி, இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபார்த்து, முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, வாஷர் படிந்தபின் ஸ்பேனரால் அரைச்சுற்று மட்டும் இறுக்கினேன். கார் பறந்தது. ஒரு மாதத்தில் மறுபடியும் மிஸ்ஸிங்!

அப்போதுதான் காற்றைப் பற்றி யோசித்தேன். உதகை ஏறக்குறைய 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல் மட்டத்தில் 76 சென்டிமீட்டர் நிற்கும் பாதரசம் இங்கே 58 சென்டிமீட்டர் அளவே நிற்கும். (நம் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான்.) மேட்டுப்பாளையத்தின் வெப்பக் காற்றோடு ஒப்பிட்டாலும் உதகைக் காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அடர்த்தியின் வர்க்கமூலத்திற்கேற்பவே அதில் காற்று–பெட்ரோல் விகிதம் மாறும். மலையடிவாரத்தில் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 15 கிராம் காற்று தந்த கார்புரேட்டர், உதகையில் சுமார் 13.7 கிராமே தரும்.

இது ஒன்றே இவ்வளவு கரியை உண்டாக்கிவிடாது. உறைபனிக் காலைகளில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வேன். அப்போது பெட்ரோல் மேலும் மிகும். கல்லூரிக்கோ மூன்று கிலோமீட்டர்தான். பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் படிந்த கரி தானே எரிந்து அகலும். அதற்குள் நான் வகுப்பறைக்குள் நுழைந்திருப்பேன்.

இனி அந்த விந்தைக்கு வருவோம். கரி மின்சாரத்தைக் கடத்தும். பீங்கானின் மேல் படிந்த கரி வழியே மின்னழுத்தம் கசிந்துவிடுவதால், இடைவெளியைத் தாவப் போதுமான அளவு எழுவதில்லை. வாயுவின் அழுத்தம் கூடினால் பொறி தாவ மின்னழுத்தமும் கூட வேண்டும் என்பதை 1889-இல் பாஷன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது சிலிண்டர் நிறைகிறது, அழுத்தம் உயர்கிறது, கரி பிடித்த பிளக் தோற்றுப்போகிறது. சமதளத்தில் சிலிண்டர் பாதியே நிறைவதால் அது எப்படியோ சமாளித்துவிடுகிறது.

கார்புரேட்டரை உதகைக் காற்றுக்கேற்பச் சரிசெய்து, எஞ்சின் சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளப் பழகிய பின் பிளக்குகள் பழுப்பாகவே இருந்தன. ஆனால் இப்படிச் சரிசெய்த வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அதிகமாகச் சூடேறக்கூடும். அடிக்கடி மலை இறங்குபவர்கள் மிகவும் குறைத்துவிடக் கூடாது.

இன்றைய பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களில் காற்றழுத்தத்தை அளக்கும் உணர்வியும், புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் உணர்வியும் இருப்பதால் கலவை தானாகவே திருத்தப்படுகிறது. 2020-க்கு முந்தைய இருசக்கர வண்டிகள் பலவற்றில் இன்னும் கார்புரேட்டர்தான். உங்கள் வீட்டில் அப்படியொரு வண்டி இருந்தால், மெக்கானிக் பிளக்கைக் கழற்றும்போது அருகில் நின்று அதன் நிறத்தைப் பாருங்கள்.